அங்கொடை என்ற ஊர்ப்பெயரும் கடல் கடந்த வெட்கமும்

தமிழர் வாழும் நாடுகளில் சில ஊர்களின் பெயர்கள் வசைச்சொற்களாகிவிட்டன. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம், இலங்கையில் அங்கொடை, வடமராட்சியார் வாயில் மந்திகை, மலேசியத் தமிழரிடையே தஞ்சோங் ரம்புத்தான், சிங்கப்பூரில் வுட்பிரிட்ஜ். இவை அனைத்தும் மனநோயாளருக்குச் சிகிச்சையளித்த இடங்கள் என்பதை வாசகர்கள் அறிவர். "இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று ஒருவர் சொல்லும்போது கொழும்பின் கிழக்கேயுள்ள அந்தச் சிற்றூரின் வீதிகளையோ வீடுகளையோ எவரும் நினைப்பதில்லை. பாவம், அங்கு காணி வாங்கி வீடு கட்டியவர்கள் தமது முகவரியைச் சொல்லும்போதெல்லாம் எதிரேயிருப்பவரின் புன்னகையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊர் பெயராது, ஊரின் பெயர் பெயரும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்த, அங்கொடை எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாத பிள்ளைகள்கூட, அச்சொல்லைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கிறார்கள். கொண்டுபோக முடியாத எத்தனையோ பொருட்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போன மக்கள் இந்தச் சொல்லை மட்டும் மறக்காமல் எடுத்துச் சென்றனர்.

புலம்பெயர்ந்த தெற்காசியரிடையே மனநோய் குறித்து நிலவும் வெட்கத்தைப் பற்றி இன்று கூட்டங்கள் நடைபெறுகின்றன, துண்டுப்பிரசுரங்கள் அச்சிடப்படுகின்றன. அவற்றில் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் "இது எமது பண்பாடு" என்று காரணத்தை ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். பண்பாடு என்ற சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. ஆனால் இந்த வெட்கத்துக்கு ஆண்டுகள் உண்டு, கட்டடங்கள் உண்டு, சட்டப்பிரிவுகள் உண்டு. அவற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

சென்னையில் 1794ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பனியின் அறுவை மருத்துவரான வலன்ரைன் கொனொலி என்பவர் மனநோயாளருக்கென ஒரு விடுதியை ஆரம்பித்தார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு, லோகொக் தோட்டம் எனப்பட்ட இடத்துக்கு மாற்றப்பட்டது. இலங்கையில் நிலைமை இதைவிடப் பின்தங்கியதாகவே இருந்தது. மனநோயாளர் சிறைகளிலும் ஹெந்தலைத் தொழுநோயாளர் வைத்தியசாலையிலும் அடைக்கப்பட்டனர். 1840களின் பிற்பகுதியில் பொரளையில் ஒரு காப்பகம், பின்னர் கறுவாத்தோட்டத்தில் ஒன்று, இறுதியாக 1926இல் அங்கொடை. நகரம் வளர வளர நோயாளர் விளிம்பை நோக்கித் தள்ளப்பட்டதை இந்த மூன்று இடங்களின் வரிசையே காட்டும். மலாயாவில் 1911இல் தஞ்சோங் ரம்புத்தான் திறக்கப்பட்டது.

இடையில் 1873இல் இலங்கையில் பித்தர் பற்றிய கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் சித்தசுவாதீனமுள்ளவரா இல்லையா என்பது மாவட்ட நீதிமன்றத்தில் தீர்மானிக்கப்படலாயிற்று. குடும்பத்தார் மனுச்செய்ய, நீதிபதி விசாரித்துக் கட்டளையிட, பொலிசார் கொண்டுபோய்ச் சேர்ப்பர். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல்காரன் வைத்தியரிடம் போனான். மனநோயாளி நீதிமன்றத்துக்குப் போனான். களவு, அடிபிடி வழக்குகளுக்காகக் கூடிநின்ற ஊரார் கண்முன்னே அவன் அழைத்துச் செல்லப்பட்டான். நோய் குற்றத்தின் உடையை அணிந்துகொண்டது அங்கேதான் என்பது எனது கருத்து.

அதற்கு முன்னர் எமது கிராமங்கள் நோயாளரைத் தாங்கிப்பிடித்த சொர்க்கங்களாக இருந்தன என்று நான் சொல்ல வரவில்லை. சங்கிலியும் இருட்டறையும் சாட்டையடியும் அந்நியர் கொண்டுவந்தவை அல்ல. ஆயினும் ஊரில் ஒருவனுக்கு மனம் பேதலித்தால் அவன் ஊரிலேயே இருந்தான். கோயில் வீதியில் படுத்தான். யாரோ ஒருத்தி சோறு போட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கொடை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். இரவு ரயிலில் ஏற்றப்பட்டு, தன் மொழி பேசுவோர் அருகிய ஒரு விடுதியில் சேர்க்கப்பட்டவனைப் பார்க்க உறவினர் அடிக்கடி போய்வர முடியாது. போனவன் திரும்பி வராதபோது ஊரார் அறிந்ததெல்லாம் அந்த இடத்தின் பெயர் ஒன்றைத்தான். பெயர் வசையாக மாற வேறென்ன வேண்டும்?

இதே காலத்தில் தெற்காசியர் வேறு கடல்களையும் கடந்துகொண்டிருந்தனர். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பீஜித் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். பாரதியார் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாடியது இவர்களைப் பற்றித்தான். அங்கு தற்கொலைகள் அசாதாரண அளவில் நிகழ்ந்ததைச் சி. எஃப். அன்ட்ரூஸும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் 1916இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. புலம்பெயர்ந்தோரின் மனத்துயர் ஆவணங்களில் ஏறியது அகதிகள் யுகத்தில்தான் என்று எண்ணுவோர் நூறாண்டுகளுக்கு முந்திய அந்த அறிக்கையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய பிரிவு பிரித்தானியர் வகுத்த தண்டனைச் சட்டக்கோவைகளோடு எமது நாடுகளுக்கு வந்தது. பிரித்தானியா தனது சொந்தச் சட்டத்திலிருந்து அதனை 1961இல் நீக்கிக்கொண்டது. கனடா 1972இல் நீக்கியது. தாய்நாட்டில் கைவிடப்பட்ட சட்டம் குடியேற்ற நாடுகளாக இருந்தவற்றில் அப்படியே தொடர்ந்தது. இலங்கை 1998இல்தான் அதனைக் கைவிட்டது. இந்தியா 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூலம் அதன் கூர்மையைக் குறைத்தது. சிங்கப்பூர் 2020இலும் மலேசியா 2023இலும் நீக்கின. 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போன ஒருவர், தான் விட்டுவந்த நாட்டில் குற்றமாக இருப்பது தான் வந்துசேர்ந்த நாட்டில் குற்றமல்ல என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. அவர் அறிந்ததெல்லாம், இப்படியொரு சம்பவம் வீட்டில் நடந்தால் பொலிசார் வருவார்கள், ஆகவே மூடிமறைக்க வேண்டும் என்பதுதான்.

இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. அப்போது உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. அடுத்த 20 ஆண்டுகளில் அது எழுபது சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதே அதற்குப் பிரதான காரணம் என ஆய்வாளர் கூறுகின்றனர். அந்த இருபதாண்டுகளில் எமது பண்பாடு அத்தனை தூரம் மாறிவிடவில்லை. மாறியது கடையில் விற்கப்பட்ட பொருள்.

இனி வீட்டுக்குள் வருவோம். எமது சமூகத்தில் மனநோய் ஒருவனின் நோயாக நின்றுவிடுவதில்லை. அவனுடைய தங்கையின் கல்யாணத்தில் போய் முட்டுகிறது. "அந்தக் குடும்பத்திலை விசர் ஓடுது" என்ற ஒரு வசனம் போதும், பேச்சுக்கால் முறிந்துவிடும். சாதகம் பொருந்தி, சீதனம் பேசி முடிந்தபின்னும் தரகர் தயக்கத்தோடு கேட்கும் கடைசிக் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். புலம்பெயர்ந்த பின்னர் இந்த விசாரணை சுருங்கியிருக்க வேண்டும். மாறாக அது விரிந்தது. மாப்பிள்ளை நோர்வேயில், பெண் கனடாவில், அவர்களுடைய வேர் புங்குடுதீவிலோ காரைநகரிலோ இருக்கும். மூன்று கண்டங்களுக்கிடையே தொலைபேசிகள் ஒலிக்கும். பாட்டனின் தம்பிக்கு 1962இல் என்ன நடந்தது என்பது கிண்டி எடுக்கப்படும். ஊரில் நான்கு ஒழுங்கைகளுக்குள் அடங்கியிருந்த இரகசியத்தை இப்போது உலகம் முழுவதிலுமிருந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. மூத்த மகனுக்கு நோய் என்று தெரிந்தும் இளையவளின் கல்யாணம் முடியும்வரை வைத்தியரிடம் போகாத குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் காத்திருப்பின் விலையைச் செலுத்துபவன் மகன். சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கக் குணமடைவது கடினமாகும் நோய்களுள் இதுவும் ஒன்று.

பிரித்தானியாவுக்குச் சென்ற தெற்காசியரைப் பொறுத்தவரை இன்னொரு சுவரும் இருந்தது. நோயாளி நெஞ்சு அடைக்கிறது, உடம்பு எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது என்பார். வெள்ளைக்கார வைத்தியர் இருதயத்தைப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்பார். ஆசியருக்கு மனத்தைப் பற்றிப் பேசத் தெரியாது, எல்லாவற்றையும் உடம்பில் ஏற்றிச் சொல்கிறார்கள் என்ற முடிவு மருத்துவ ஏடுகளில் ஏறிவிட்டது. 1989இல் இங்கா பிரிற் கிறவுஸ் என்ற மானிடவியலாளர், பெட்போர்ட் நகரில் வாழ்ந்த பஞ்சாபியரிடையே செய்த ஆய்வை வெளியிட்டார். "இதயம் இறங்குகிறது" என்று அவர்கள் சொல்வதில் உடல், மனம், மானம் மூன்றும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பதை அவர் விளக்கினார். மொழி இல்லாமலில்லை, கேட்பவருக்குத்தான் அது விளங்கவில்லை. இலங்கையில் பிறந்து இங்கிலாந்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய சுமன் பெர்னாண்டோ 1988இல் எழுதிய நூலில், உளமருத்துவத்துக்குள்ளேயே இனவாதம் ஊறியிருப்பதைத் துணிந்து எடுத்துரைத்தார். அதற்கு முன்பே, 1983இல், ஜாபர் கரீம் லண்டனில் நப்சியாத் என்ற சிகிச்சை நிலையத்தை நிறுவி, நோயாளரின் சொந்த மொழியிலும் பண்பாட்டுப் பின்னணியிலும் வைத்து அவர்களோடு பேசும் முறையைத் தொடக்கினார்.

எமது மொழியிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் "எனக்கு ஒரே யோசினை" என்றால் அவர் நித்திரையின்றித் துன்பத்தில் உழல்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட விளங்கும். அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் "இவர் சிந்தித்துக்கொண்டிருக்கிறார்" என்று வைத்தியருக்குச் சொல்வார். சிந்திப்பதில் என்ன கேடு என்று வைத்தியரும் குறிப்பேட்டை மூடிவிடுவார். மொழிபெயர்ப்பாளர் தேர்ச்சி பெற்றவராக இருந்தால் வேறொரு சங்கடம். அவர் பெரும்பாலும் அதே நகரத்துத் தமிழர். அடுத்த சனிக்கிழமை ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருக்கக் கூடியவர். அவர் முன்னிலையில் வாய் திறக்க யார்தான் துணிவார்?

1983 ஜூலைக்குப் பின்னர் சென்றவர்களின் கதை சற்று வேறானது. 1986 ஓகஸ்ற் மாதம் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினர். அவர்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் ஷெல்லையும் சிறையையும் சித்திரவதையையும் மனத்தில் சுமந்து சென்றனர். 1998இல் டெரிக் சிலோவ் குழுவினர் அவுஸ்திரேலியாவில் 62 புகலிடக் கோரிக்கையாளர், 30 அகதிகள், 104 குடிவரவாளர் என 196 தமிழரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஊரில் பட்டது மட்டுமன்றி, வந்த நாட்டில் விண்ணப்பம் இழுபடுவது, திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற பயம், வேலையின்மை ஆகியனவும் மனநோய்க்கு வித்திடுவதை அது காட்டியது. ரொறன்ரோவில் மோர்ட்டன் பைசர், லோரா சிமிச், நளினி பண்டலங்கத் ஆகியோர் தமிழரிடையே நடத்திய ஆய்வோ, பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிலரே சிகிச்சையை நாடினர் என்பதைப் பதிவுசெய்தது.

இங்கே ஒரு முரணைக் காணலாம். புகலிட விசாரணையில் மனக்காயம் ஒரு சாட்சியம். 1985இல் ஹெலன் பாம்பர் லண்டனில் நிறுவிய, சித்திரவதைக்குள்ளானோரைப் பராமரிக்கும் மருத்துவ மன்றம் போன்றவற்றின் அறிக்கைகள் பலருடைய வழக்குகளில் கைகொடுத்தன. இரவில் அலறி எழுவதையும், சீருடையைக் கண்டால் நடுங்குவதையும் ஒருவர் சட்டத்தரணியிடம் சொன்னார், நீதிபதியிடம் சொன்னார். ஆனால் மனைவியின் வீட்டாரிடம் சொல்லவில்லை. ஒரே காயம் கோப்பில் இருக்கும்போது மதிப்புடையது. வீட்டுக்கு வந்தால் மானக்கேடு. வதிவிட உரிமை கிடைத்த மறுநாளே சிகிச்சைக்குப் போவதை நிறுத்திக்கொண்டவர்களைப் பற்றி இத்துறையில் பணியாற்றும் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காரியம் முடிந்ததென்று அவர்கள் நிறுத்தவில்லை. இனிமேல் போனால் அது நோயாகிவிடும் என்று அஞ்சி நிறுத்தினார்கள்.

வெட்கத்தை ஓரளவாவது தளர்த்திய பெருமை, என் கணிப்பில், யாழ்ப்பாணத்துக்கே உரியது. போரின் நடுவே, மருந்துக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில், உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடைய மாணவர்களும் ஆசிரியர்களையும் கிராம உத்தியோகத்தர்களையும் தாதியரையும் கூட்டி உளநலப் பயிற்சி அளித்தனர். 1980களின் பிற்பகுதியில் தோன்றிய சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளர்களை உருவாக்கியது. பேராசிரியரின் ஆங்கில நூல் 1998இல் வெளிவந்து உலகக் கவனத்தைப் பெற்றது. ஆயினும் அதைவிட முக்கியமானது அவர்கள் வழங்கிய தமிழ்ச் சொற்கள் என்பேன். விசருக்குப் பதிலாக மனவடு, நெருக்கீடு, உளவளத்துணை. தமிழன் வடுவைக் கண்டு வெட்கப்பட்டவன் அல்லன். போரில் பட்ட விழுப்புண்ணைப் பெருமையாகக் கொண்டாடிய புறப்பாடல் மரபு எம்முடையது. "எனக்கு மனவடு" என்று சொல்வதில் இழிவில்லை. அதைச் செய்தது போர், நானல்லேன், என் பரம்பரையல்ல. இந்தச் சொற்கள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி நகரங்களின் தமிழ் வானொலிகளுக்கும் துண்டுப்பிரசுரங்களுக்கும் சென்று சேர்ந்தன. ஊரிலிருந்து சென்ற வசையைத் துரத்திக்கொண்டு ஊரிலிருந்தே ஒரு மருந்தும் சென்றது எனலாம்.

ஆனால் அந்த மருந்து எல்லோருக்கும் கிடைக்கவில்லை. போரைக் காரணம் காட்டக் கூடியவருக்கு மரியாதை கிடைத்தது. போரைக் காணாதவனின் நோய்க்கு என்ன காரணம் சொல்வது? மார்க்கத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கிய இருபது வயதுப் பையனுக்கு ஷெல்லும் இல்லை, சிறையும் இல்லை. "நாங்கள் பட்ட பாட்டிலை ஒரு பங்கு உனக்குத் தெரியுமோ, உனக்கென்ன குறை?" என்று தந்தை கேட்கிறார். அவர் கேட்பதில் அன்பும் இருக்கிறது. மனவடு என்ற சொல் தந்தைக்குத் திறந்த கதவை மகனுக்குச் சாத்திவிட்டது. அவனுக்கு எஞ்சியிருப்பது பழைய சொல்தான். எமது சமூக அமைப்புகள் நடத்தும் உளநலக் கூட்டங்களில் போர் நினைவுகளைப் பற்றியும் மன அழுத்தத்தைப் பற்றியும் பேசுவோர் பெருகியிருப்பது நல்லதே. ஆனால் குரல்கள் கேட்கும் நோயைப் பற்றி, அந்தப் பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழும் தாயைப் பற்றி, அங்கே பேச்சு எழுவது அரிது.

பெயரை மாற்றினால் போதுமா என்பது நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் 1928இல் திறக்கப்பட்ட மனநோய் வைத்தியசாலைக்கு, அவப்பெயர் நீங்கட்டும் என்று 1951இல் வுட்பிரிட்ஜ் எனப் பெயரிட்டார்கள். சில காலத்தில் வுட்பிரிட்ஜே வசையாகிவிட்டது. அங்கொடையும் இப்போது தேசிய மனநல நிறுவகம். பேச்சுவழக்கில் அது இன்னும் அங்கொடைதான். கட்டடமும் அதற்குள் நடப்பதும் மாறாமல் பலகையை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

யப்பானில் நடந்தது சற்று வேறு. நாம் தமிழ்நாட்டில் மனச்சிதைவு என்றும் இலங்கையில் உளப்பிளவை என்றும் சொல்லும் நோய்க்கு அங்கும் மனம் பிளந்துபோன நோய் என்ற பொருளிலேயே பெயர் வழங்கியது. மகனிடம் போய் உன் மனம் பிளந்துவிட்டது என்று எந்த வைத்தியரால் சொல்ல முடியும்? பெரும்பாலானோர் சொல்லவில்லை, நோயாளிக்குத் தன் நோயின் பெயரே தெரியாமல் காலம் கழிந்தது. 2002இல் அப்பெயர் கைவிடப்பட்டு, ஒருங்கிணைவு தடுமாறும் நிலை என்ற பொருள்படும் புதிய பெயர் ஏற்கப்பட்டது. அதன்பின் மூன்றே ஆண்டுகளில், தமது நோய் இன்னதென்று அறிவிக்கப்பட்ட நோயாளரின் பங்கு சுமார் 37 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. பலகை மாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, புதிய பெயரோடு நோய் பற்றிய விளக்கமும் மாற்றப்பட்டதே. இது குணமடையக் கூடியது, மருந்துக்கு இணங்குவது என்று வைத்தியர்கள் சொல்லத் தொடங்கினர்.

தமிழில் சிதைவும் பிளவும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ரொறன்ரோ வைத்தியசாலையொன்றின் தமிழ்க் கையேட்டை ஒரு தாய் விரித்தால் அவள் கண்ணில் படுவது இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். யப்பானில் பெயரை மாற்றும்படி 1993இல் முதலில் எழுதிக் கேட்டது நோயாளரின் குடும்பத்தார் சங்கம். மருத்துவர்கள் அதற்கு இணங்க ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.